ஒரு முழம் வானம்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு மயிலாப்பூர் மாட வீதிகளில் யார் விழித்திருப்பார்கள்? பால்காரர் விழித்திருப்பார். கோயில் வாசலில் பூக்கூடையை இறக்கி வைக்கும் அம்மாள் விழித்திருப்பாள். சென்ற ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் ஒரு நாள் நாங்கள் மூன்று பேரும் விழித்திருந்தோம்.

மூவரில் ஒருவன் அடியேன். இன்னொருவர் தியாகராய நகரில் குடியிருக்கும் என் நண்பர். கல்லூரியில் நிலவியல் போதிப்பவர். வழியில் ஒரு கல் தட்டுப்பட்டால் குனிந்து எடுத்து, அதன் வயதைச் சொல்லிவிட்டுத்தான் நிமிருவார். மூன்றாவது, அடையாற்றிலிருக்கும் என் அக்காள் பெண். வயது பதினேழு. "அருவி பார்க்க என்னையும் அழைத்துக்கொண்டு போகாவிட்டால் உங்களோடு பேசமாட்டேன், மாமா" என்று ஒரு மாதமாக மிரட்டிக் கொண்டிருந்தவள்.

அக்காள் வாசல்வரை வந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "இவளை எப்படிக் கொண்டு போகிறாயோ, அப்படியே கொண்டு வந்து சேர்."

அருவி என்றதும் உங்களுக்குக் குற்றாலம் நினைவு வரும். ஒகேனக்கல் நினைவு வரும். மூட்டை முடிச்சு கட்டி, ரயிலுக்கு டிக்கெட் வாங்கி, நாலு நாள் லீவு போட வேண்டிய இடங்கள் அவை. சென்னையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில், விடியற்காலை புறப்பட்டால் பலகாரம் சாப்பிடும் வேளைக்குள் போய்ச் சேருகிற தூரத்தில், மலையின் வயிற்றுக்குள் அருவி ஒன்று ஒளிந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? நானும் நம்பவில்லை. அதனால்தான் புறப்பட்டேன்.

ஆற்றோடு ஒரு பிரயாணம்

செங்குன்றம் தாண்டிப் பெரியபாளையத்து பவானி அம்மனுக்கு வண்டியிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஊத்துக்கோட்டைச் சாலையில் போனோம். பெரியபாளையத்தில் பக்கத்தில் ஓடுகிறதே, அதுதான் ஆரணியாறு. வழியெல்லாம் இந்த ஆறு நம் கூடவே வருகிறது. பாதி நாள் மணலாகவும் பாதி நாள் தண்ணீராகவும் காட்சி கொடுக்கும் ஆறு. கடைசியில் பழவேற்காட்டுப் பக்கம் கடலைத் தேடிக்கொண்டு போகிறது.

ஊத்துக்கோட்டைக்கு அருகில் இன்னொரு தண்ணீரும் குறுக்கிடுகிறது. அது கிருஷ்ணா நதியின் தண்ணீர். 1983ல் ஒப்பந்தமாகி, 1996ல் முதன்முதலாகப் பூண்டிக்கு வந்து சேர்ந்தது. கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியே நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆந்திர மண்ணைக் கடந்து, இந்த இடத்தில்தான் தமிழ்நாட்டில் நுழைகிறது. மயிலாப்பூரில் குழாயைத் திறக்கிறபோது, எங்கோ பெய்த மழையைத்தான் திறக்கிறோம் என்பது இங்கே வந்து நின்றால் நன்றாகப் புரியும்.

எல்லையைத் தாண்டியவுடனே சுருட்டப்பள்ளி. சிவபெருமானை லிங்கமாகப் பார்த்துப் பழகிய நமக்கு, இங்கே அவர் படுத்துக் கொண்டிருப்பது புதுமையாயிருக்கும். ஆலகால விஷத்தை உண்ட அயர்ச்சியில் அம்பிகையின் மடியில் தலை வைத்துப் பள்ளிகொண்டிருக்கிறார். பள்ளிகொண்டீஸ்வரர் என்று திருநாமம்.

அடுத்தது நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாம்பாளின் பெயரால் ஏற்படுத்திய ஊர் என்பார்கள். மீன் உருவத்தில் பெருமாள் எழுந்தருளியிருக்கும் வேதநாராயண ஸ்வாமி கோயில் இங்கே இருக்கிறது. வருஷந்தோறும் மார்ச்சு மாதக் கடைசியில் மூன்று நாள், மாலைச் சூரியன் நேரே கருவறைக்குள் புகுந்து விடுகிறான். முதல் நாள் திருவடியில், அடுத்த நாள் நாபியில், மூன்றாம் நாள் திருமுடியில் அவன் கிரணம் விழுகிறது. இந்தச் சூரிய பூஜையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஆந்திராவில் காலை வைத்துவிட்டோமே, மொழிக்கு என்ன செய்வது என்று பயப்பட வேண்டாம். 1960 ஏப்ரல் 1ந் தேதிதான் இந்தப் பக்கத்து எல்லைகள் திருத்தப்பட்டு, திருத்தணி நமக்கும், சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவுக்கும் போயின. கோடு போட்டவர்கள் வரைபடத்தில் போட்டார்கள், நாக்கில் போடவில்லை. டீக்கடையில் தெலுங்கில் ஆரம்பித்த வாக்கியம் தமிழில் முடிகிறது.

மணலாயிருந்த மலை

மலையடிவாரத்தில் ஒரு சிறிய அணை. அதன் கரையில் எங்கள் வழிகாட்டி காத்திருந்தார். அறுபது வயதிருக்கும். காலில் ரப்பர் செருப்பு, கையில் ஒரு கழி, தோளில் துண்டு. அவ்வளவுதான் அவருடைய மலையேற்றச் சாமான். எங்கள் மூவரின் முதுகிலும் தொங்கிய மூட்டைகளைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில், கேலியைவிட அனுதாபமே அதிகமாயிருந்தது.

"எட்டு மணிக்கு மேகம் இல்லை. நல்லது. ஆனா ஒண்ணு சார், நான் திரும்பணும்னு சொன்னா திரும்பணும்" என்றார்.

"அதற்கென்ன, ஆகட்டும்" என்றேன். செலவில்லாத வாக்குறுதி என்று நினைத்துக் கொடுத்தேன்.

முதல் ஒரு மணி நேரம் சாதாரணக் காட்டு வழி. முள், புதர், உருண்டைக் கற்கள். பிறகு ஓடையின் ஓரம். அப்புறம், வழி என்று தனியாக எதுவும் கிடையாது, ஓடைதான் வழி. கல்லுக்குக் கல் தாவ வேண்டும்; முடியாத இடத்தில் முழங்கால் நனைய இறங்க வேண்டும்.

எங்கள் நிலவியல் நண்பர் இதற்காகவே காத்திருந்தவர்போல் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். இந்த மலைகளுக்கு நகரி குவார்ட்ஸைட் என்று ஒரு கல் ஆதாரம். ஒரு காலத்தில் அது வெறும் கடலோர மணல். சுமார் 160 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் படிந்த மணல், மேலே பாரம் ஏற ஏற இறுகி, மணிக்கு மணி ஒட்டிக்கொண்டு, சுத்தியலால் அடித்தாலும் கணீர் என்று ஒலிக்கிற கல்லாகிவிட்டது. திருப்பதி மலைப்பாதையில் பஸ்ஸில் ஏறும்போது, கருங்கல்லின்மேல் அடுக்கடுக்காகப் பாளம் வைத்தாற்போல் நிற்கிறதே, அதுவும் இந்தக் கல்தான்.

"இந்தக் கல்லுக்கும் நம் சென்னைக்கும் ஒரு பந்தம் உண்டு" என்றார் அவர். 1863 மே மாதம் 30ந் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபுட் என்னும் நிலவியல் அறிஞர் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஆதி மனிதன் செதுக்கிய கருவி அது. அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங் என்பவரோடு பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டார். அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011ல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். அத்தனையும் குவார்ட்ஸைட்! ஆறுகள் உருட்டிக் கொண்டுவந்து போட்ட கூழாங்கல்லை எடுத்துத்தான் அந்த மனிதன் கோடரி செய்துகொண்டான்.

"அப்படியானால் நம்மைவிட அவன்தான் இந்த மலையை நன்றாக அறிந்தவன்" என்றாள் என் மருமாள்.

இடுக்கிலே நுழைந்தோம்

மடு என்று ஒரு நல்ல தமிழ் வார்த்தை இருக்கிறது. ஆற்றிலே ஆழமான இடம்; கண்ணன் காளிங்கன்மேல் ஆடிய இடமும் மடுதான். தெலுங்கில் அதையே மடுகு என்கிறார்கள். மலைகளுக்கு நடுவே நீர் ஓடும் பள்ளத்துக்குக் 'கோன' என்று பெயர். தலகோனா, கைலாசகோனா எல்லாம் அப்படி வந்த பெயர்களே. நாங்கள் நடந்த கோனாவில் மடுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படி வைத்தாற்போல் இருக்கின்றன.

முதல் மடு குளிக்கிற தொட்டிபோல. இரண்டாவது மடுவைப் பார்த்தால் கோயில் தெப்பக்குளத்தைச் சுருக்கி வைத்ததுபோல. இதையெல்லாம் தாண்டியதும் இரு பக்கமும் பாறைச் சுவர்கள் நெருங்கி வருகின்றன. கல் கெட்டியானது, எளிதில் கரையாது. ஆனால் அதில் நேர்கோடாக வெடிப்புகள் உண்டு. வெடிப்பைக் கண்டுபிடித்த தண்ணீர், அதை விடாமல் பிடித்துக்கொண்டு அறுத்திருக்கிறது. வெள்ளம் வரும்போது கூழாங்கற்கள் பள்ளத்தில் அகப்பட்டுக்கொண்டு ஆட்டுரல் குழவிபோல் சுற்றிச் சுற்றிக் குடைந்திருக்கின்றன. அதனால்தான் அகலம் குறைவு, ஆழம் அதிகம்.

நிமிர்ந்து பார்த்தேன். வானம் தெரிந்தது, ஆனால் எவ்வளவு? மயிலாப்பூரில் பூக்காரி கையை மடக்கி அளந்து கொடுக்கிறாளே, அதுபோல் ஒரு முழம். நீல ரிப்பன் மாதிரி ஒரு முழம் வானம். அதில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

தண்ணீரோ, பன்னீர்! அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். "இடுப்பளவுதான் இருக்கும்" என்று நான் காலை நீட்டினேன். வழிகாட்டி கழியைக் குறுக்கே வைத்துத் தடுத்தார். பிறகு அந்தக் கழியையே தண்ணீரில் விட்டுக் காட்டினார். முழுக் கழியும் உள்ளே போயிற்று, அவர் கையும் முழங்கை வரையில் போயிற்று, அடி தட்டுப்படவில்லை.

நண்பர் விளக்கினார். தெளிந்த நீரை மேலிருந்து பார்க்கும்போது ஆழம் முக்கால் பங்காகத்தான் கண்ணுக்குத் தெரியும். 20 அடி ஆழம் 15 அடியாகத் தோன்றும். கலங்கல் நீரைப் பார்த்தால் நமக்குப் பயம் வருகிறது. தெளிந்த நீரைப் பார்த்தால் வருவதில்லை. இம்மாதிரி மலை மடுக்களில் நகரத்துப் பிள்ளைகள் மூழ்கிப் போவதற்கு இந்தத் தைரியமே முக்கியக் காரணம்.

பத்து நிமிஷ தூரம்

மணி பதினொன்றரை. இடுக்கின் உள்ளிருந்து 'ஓ' என்ற ஓசை வந்து கொண்டிருந்தது. அருவிதான்! இன்னும் பத்து நிமிஷம்.

அந்த இடத்தில் வழிகாட்டி நின்றுவிட்டார். அருவிப் பக்கம் பார்க்கவில்லை, வானத்தையும் பார்க்கவில்லை. குனிந்து தண்ணீரைப் பார்த்தார். சருகுகள் நாலைந்து மிதந்து வந்தன. அவற்றின் பின்னால் பச்சை இலைகளோடு ஒரு சுள்ளி. கையில் நீரை அள்ளி முகர்ந்து பார்த்தார்.

"வத்து சார். வேண்டாம். திரும்பணும்."

"என்ன பெரியவரே, வானம் பளிச்சென்று இருக்கிறதே!"

"உங்க தலைமேல இருக்கிற வானத்தைப் பார்க்கிறீங்க. தண்ணி அங்கேயிருந்தா வருது?"

"இன்னும் பத்து நிமிஷம்தானே, மாமா! எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடலாமே!" என்றாள் மருமாள். அவள் கண்ணில் நீர் தளும்பியது.

நேயர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அதே எண்ணந்தான். மூன்று மணி நேரம் காரில், மூன்று மணி நேரம் காலில். பத்து நிமிஷத்துக்காகவா திரும்புவது? பத்திரிகைக்காரனுக்கு அருவியைப் பார்க்காமல் அருவிக் கட்டுரை எப்படி எழுதுவது? வாயைத் திறந்தேன். அதற்குள் பெரியவர் என் மருமாளின் கையைப் பிடித்து, "அம்மாயி, ஏறு" என்று பக்கத்துப் பாறைமேல் ஏற்ற ஆரம்பித்து விட்டார். காலையில் கொடுத்த வாக்குறுதியும், வாசலில் நின்ற அக்காளின் முகமும் நினைவு வந்தன. வாயை மூடிக்கொண்டு ஏறினேன்.

வந்த வழியே ஓடாமல் ஏன் மேலே ஏறினோம் என்று அப்போது புரியவில்லை. ஆளுயரம், இரண்டாளுயரம் ஏறியிருப்போம். ஒரு திண்ணை மாதிரிப் பாறை. உட்கார்ந்து மூச்சு வாங்கிக் கொண்டிருக்கும்போதே, கீழே தண்ணீரின் நிறம் மாறியது. பன்னீர் டீயாயிற்று, டீ சேறாயிற்று. நாங்கள் முழங்கால் நனைய நின்ற இடத்தில் ஒரு மரக்கிளை தலைகீழாய் உருண்டுகொண்டு போயிற்று. அருவியின் 'ஓ' என்ற ஓசை கேட்கவே இல்லை. இடுக்கு முழுவதும் ஒரே ஓசையாய் இருந்தது. ஒரு முழம் வானம் மட்டும் முன்போலவே நீலமாயிருந்தது!

மலையின் மறுபக்கத்தில், எங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தில், மழை கொட்டியிருக்கிறது. மண் இருந்தால் கொஞ்சமாவது குடித்திருக்கும். வெறும் பாறை ஒரு சொட்டும் குடிக்காது. பத்துப் பன்னிரண்டு ஓடைகளின் நீர் ஒன்றாய்ச் சேர்ந்து இந்த ஒரே இடுக்கில் புகுகிறது. அகலப் போக இடமில்லாததால் உயரப் போகிறது. தண்ணீரோடு ஓட்டப் பந்தயம் வைத்து யாராலும் ஜெயிக்க முடியாது. ஆகையால் ஓடக்கூடாது, பக்கவாட்டில் ஏறிவிட வேண்டும்.

அந்தத் திண்ணையில் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எலுமிச்சை சாதத்தை நால்வருமாகப் பங்கிட்டுத் தின்றோம். யாரும் அதிகம் பேசவில்லை. வெள்ளம் வடிந்து, பெரியவர் கழியால் ஆழம் பார்த்துப் பார்த்து ஒவ்வொருவராய் எங்களைக் கடத்திவிட்டபோது, மருமாள் அவர் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அணைக்கரைக்கு வந்ததும் நான் கொஞ்சம் அதிகமாகவே பணம் கொடுத்தேன். அவர் பேசிய தொகையை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். "அருவி காட்டலையே சார். அடுத்த தடவை வாங்க" என்றார்.

அருவி கிடைத்தது

ஜனவரியில், பொங்கல் கழிந்து போனோம். மழை முழுவதும் ஓய்ந்து, நீர் அடங்கியிருக்கும் காலம். அதே நால்வர். அந்தத் திண்ணைப் பாறையைக் கடக்கும்போது மருமாள் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

கடைசி மடுவை நடந்து சேர முடியாது. இரு பக்கமும் செங்குத்தான சுவர், நடுவே தண்ணீர். மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பெரியவர் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி நீந்தினோம். குளிர் எலும்பில் ஏறியது. ஒரு திருப்பம், அங்கே வழி முடிந்துவிட்டது. மேலே ஓர் இடுக்கிலிருந்து அருவி விழுந்து கொண்டிருந்தது.

பெரிய அருவி என்று சொல்லமாட்டேன். குற்றாலத்தைப் பார்த்தவர்கள் இதைக் குழந்தை என்பார்கள். ஆனால் குற்றாலத்தில் ஆயிரம் பேருக்கு நடுவே நின்று பார்க்கிறோம். இங்கே அருவியும் நாமும் மட்டும். பேச்சுச் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. மணி பன்னிரண்டு அடித்ததோ இல்லையோ, சூரியன் அந்த ஒரு முழ இடைவெளிக்கு நேரே வந்தான். முதலில் சுவரின் உச்சி, பிறகு அருவியின் தலை, பிறகு தண்ணீர். நாகலாபுரத்துக் கோயிலில் மூன்று நாள் நடக்கிற சூரிய பூஜை, இங்கே அரைமணியில் நடந்து முடிந்தது. கறுத்திருந்த மடு ஒரு கணம் பச்சைக் கண்ணாடியாகி, மறுபடி கறுத்துவிட்டது.

"அன்றைக்கு எட்டிப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது" என்றார் நண்பர். யாரும் பதில் சொல்லவில்லை.

நீங்களும் போவதானால்

இந்த மலைகள் காப்புக்காடு. ஆந்திர வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது. காட்டை மூடியிருக்கும் காலங்களும் உண்டு. முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை, மழைக்காலத்தில், இடுக்குக்குள் போகாதீர்கள். நவம்பரில் போனது நாங்கள் செய்த தப்பு, பெரியவரால் பிழைத்தோம். மார்ச்சுக்குமேல் வெயிலும் காட்டுத்தீயும் பயம். 2018 மார்ச்சு 11ந் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறியவர்கள் இருபது பேருக்குமேல் தீயில் மாண்டதை மறந்துவிடக் கூடாது. ஜனவரியும் பிப்ரவரியுமே நல்ல மாதங்கள்.

உள்ளூர்க்காரர் ஒருவர் துணையின்றிப் போகவேண்டாம். நீச்சல் தெரிந்தாலும் மிதவைச் சட்டை அவசியம். அருவி விழும் இடத்தில் நுரைநீர் ஆளைத் தாங்காது. பாறையிலிருந்து தலைகீழாகக் குதிக்கவே குதிக்காதீர்கள். தெளிந்திருந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் வந்தாலோ, ஓசை மாறினாலோ உடனே பக்கவாட்டில் மேலேறுங்கள். கொண்டுபோன காகிதத்தையும் பாட்டிலையும் திருப்பிக் கொண்டு வந்துவிடுங்கள். வீட்டிலே பாட்டி தாத்தாவும் அருவி பார்க்க ஆசைப்பட்டால், புத்தூருக்கு அருகே கைலாசகோனா இருக்கிறது. இத்தனை கஷ்டமில்லாமல் பார்க்கலாம்.

அக்காளிடம் வெள்ளக் கதையைச் சொல்வதில்லை என்று மூவரும் பேசி வைத்திருந்தோம். இப்போது இந்தப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்வாள். நான் ஒரு வாரம் அடையாற்றுப் பக்கம் தலை காட்டப் போவதில்லை.

மருமாள் மட்டும் போனில் பேசுகிறாள். போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் கூப்பிட்டாள். அடையாற்றில் ஒரு தூறல்கூட இல்லையாம். மொட்டை மாடியில் நின்றுகொண்டிருக்கிறாளாம்.

"வடமேற்கே கறுத்திருக்கிறது, மாமா" என்றாள். "பெரியவர் இந்நேரம் தண்ணீரைப் பார்த்துக் கொண்டிருப்பார், இல்லையா?"